லாவண்யா புடவையில் கேமரா போட்ட அலை

ஆரணி,
14-8-2005

பெங்களூரில் இருக்கும் மச்சான் சந்திரமோகனுக்கு, உன் அக்காள் புருஷன் ராஜவேலு எழுதிக்கொண்டது. படவேட்டு அம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்காள் லீலாவும் சௌக்கியம். எங்கள் மகள், கல்யாணப் பெண் லாவண்யா சௌக்கியத்துக்கு மேல் ஒரு படி. அங்கேயும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

தாய்மாமன் சீராக நீ கொடுத்துவிட்டுப் போன டிஜிட்டல் கேமராவைப் பற்றி, "மாமா, நல்லா எடுத்துப் பாத்து எழுதுங்க, புடிக்கலன்னா கடையில மாத்திக்கலாம்" என்று சொன்னாய் அல்லவா? எடுத்துப் பார்த்தேன். அதன் சார்ஜரை நீ உன் பையிலேயே கொண்டுபோய்விட்டது தனிக் கதை. மற்றதைக் கேள்.

பொத்தானை அமுக்கினால் ஆமை தலையை நீட்டுவது போல மூக்கு வெளியே வருகிறது. மாடியில் நின்று, தூரத்தில் போன வந்தவாசி பஸ்ஸைப் பிடித்து ஜூமை இழுத்தேன். போர்டைப் படித்தேன். டிரைவர் கொட்டாவி விடுவதைக்கூடப் பார்த்தேன், அசந்துபோனேன். இன்னும் இழுத்தால் என்ன தெரியும்? ஆசை யாரை விட்டது? இழுத்தேன். டிரைவர் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, நாம் புடவை டிசைன் போடுகிற கிராப் தாள் மாதிரி ஆகிவிட்டது. சரி, தூரத்துக்கு இவ்வளவுதான், கிட்டே எப்படி என்று பார்க்கலாமே என்று கீழே தறிக்கு இறங்கினேன். வினை அங்கேதான் இருந்தது.

தறியில் லாவண்யாவின் முகூர்த்தப் புடவை. அரக்கு நிறம், உடம்பு முழுக்க அரிசிமணி அளவு பொடிக்கட்டம். முந்தி இனிமேல்தான். நெய்கிறவர் நம் காத்தவராயன். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் ஒரு படம் எடுத்தேன். கேமராவின் முதுகில் உள்ள சின்னத் திரையில் பார்த்தால், புடவை முழுக்க அலை அலையாக வளைவு ஓடுகிறது! துணியில் பார்த்தால் ஒன்றும் காணோம். என் கண்ணுக்குத்தான் வயசாகிவிட்டது, கேமரா புதுசு, அது பொய் சொல்லுமா என்று நினைத்துவிட்டேன்.

காத்தவராயன் உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, "இன்னாப்பா, கல்யாணப் புடவைய எங்கியோ பாத்துகினு அடிச்சியா? அலையா ஓடுது பாரு" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார், துணியைத் தடவினார், என்னைப் பார்த்தார். "கைய வெச்சிப் பாருங்க. அந்த டப்பா சொல்றதுதான் நிஜம்னா, மீதிய அதையே நெய்யச் சொல்லுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

பாதிப் புடவையில் நெய்கிற கை மாறினால் நூலை இறுக்குகிற அடி மாறும், மாறின இடம் கோடாகக் காட்டிக்கொடுக்கும் என்பது உனக்குத் தெரியாததா? வேறு ஆளையும் உட்கார வைக்க முடியாது, கல்யாணமோ நெருங்கிவிட்டது. உன் அக்காள் என்னோடு பேசுவதை நிறுத்தி, தட்டை மட்டும் சத்தமாக வைத்தாள். லாவண்யா அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலில் கிடந்த கொசுவலையை ஒரு படம் எடுத்தேன். அலை! சல்லடையை எடுத்தேன். அலை! நான் கட்டியிருந்த பொடிக்கட்ட லுங்கியிலும் அலை! ஜூமை இழுத்தால் ஓடிவிடுகிறது, விட்டால் திரும்பி வருகிறது. கொசுவலையைக் காத்தவராயன் நெய்யவில்லையே!

கொசுவலையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஜார் சனம் சிரிக்கச் சிரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுதுப்பா" என்றேன். கொசுவலையை விரித்துத் திரையைக் காட்டினேன். முறைத்துக்கொண்டே வாங்கினவர் ஜூமை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

"இது எங்கேர்ந்துங்க வருது?"

"அதான்பா எனக்கும் தெரியல."

அப்புறம் கோபத்துக்கு ஏது நேரம்? அவர் வீட்டு ஜன்னல் கம்பிவலை, முறம், அவர் சம்சாரத்தின் நூல் புடவை என்று ஒன்றுவிடாமல் எடுத்துப் பார்த்தோம். எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்தது. மறுநாள் தறியில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

ஆகவே என் தீர்ப்பு: தூரத்தில் இருப்பதை உடைக்கிறது, கிட்டே இல்லாததைக் காட்டுகிறது. பட்டு நெய்கிற ஊருக்கு இது ஆகாது. உடனே வந்து எடுத்துப்போய் மாற்றிவிடு. கல்யாணத்துக்கு நம் துரைக்கண்ணு ஸ்டுடியோ போதும். உன் சம்சாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
ராஜவேலு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா தேவகி சேத்துப்பட்டிலிருந்து புடவை பார்க்க வந்துவிட்டார். தறியில் பார்த்து, "நல்லாக்கீதுங்க" என்று ஒப்புக்குச் சொன்னார். கேமராவில் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. "அய்ய, அலை போட்டுக்கீதே! எங்க சனத்துல யாருமே இப்படிக் கட்டனதில்லிங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் காத்தவராயன், "முந்தியில வரும்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்! இப்போது திரையைப் பார்த்துப் பார்த்துக் கிராப் தாளில் அலை வரைந்துகொண்டிருக்கிறார், கேமராவை யாரையும் தொட விடுவதில்லை. துரைக்கண்ணுவிடம் பிரிண்ட் போட்டுப் பார்த்தோம், அதில் அலை வரவில்லை. ஆகவே கேமராவை மாற்றுகிற பேச்சே வேண்டாம். பேட்டரி சிவப்புக் காட்டுகிறது. கிடைத்த பஸ்ஸில் ஏறிச் சார்ஜரைக் கொண்டுவா. உன் மருமகளின் முந்தி அந்தத் திரைக்குள் மட்டும்தான் இருக்கிறது.