நீலப் பாயும் இடிக்கிற கணக்கும்

மிகுந்த மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். கடவுள் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். உங்கள் வீட்டுச் சுகத்தை நம் பெண் வாரத்துக்கு இரண்டு தடவை சொல்லிவிடுகிறாள் என்றாலும், கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். சம்பந்தி ஐயா அவர்களுக்கும் மாப்பிள்ளைக்கும் என் விசாரிப்புகள். பேரனுக்கு நான்காவது பல் வந்த தேதியை நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நான் பள்ளிக்கூடம் பார்த்தது கொஞ்சம்தான். எழுத்து பழகியதே வீட்டுக் கணக்கு நோட்டில். அதனால் கடிதமும் கணக்கு மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் உங்கள் பாய். அதாவது, உடற்பயிற்சி வகுப்பில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த, நீங்கள் நீலத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்த அந்தப் பாயை, நான் ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களுக்கு அடியிலிருந்து உருவிச் சுருட்டி, ஒரு காலில் மட்டும் ஷூவோடு மாடிப்படி இறங்கி ஓடினேனே, அது. அதற்கு முந்தைய வாரம் கயிறு தாண்டும்போது அடுப்பை அணைக்கவில்லை என்று ஓடினேன், அதற்கும் முன்னால் கைப்பேசியே கொண்டுவராத நாளில் ஃபோன் வருகிறது என்று ஓடினேன். மூன்று தடவையும் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? பெண் கொடுத்த வீட்டுக்காரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைப்பார்கள். மறுநாளிலிருந்து நீங்கள் வகுப்புக்கு வரவில்லை. கேட்டதற்கு, "அத்தைக்கு முழங்கால் வலியாம்மா" என்றாள் நம் பெண். நானும் விட்டேனா, "அம்மாவுக்கு இடுப்புப் பிடிப்புன்னு சொல்லிடு" என்றேன். அந்த முழங்காலையும் இந்த இடுப்பையும் பதினோரு வாரமாக அவள் ஒருத்தி சுமந்துகொண்டிருக்கிறாள், இடுப்பில் ஒரு குழந்தையோடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குதித்தால் சிறுநீர் கசிகிறது. தும்மினாலும் கசியும், பெரிய வாளியைத் தூக்கினாலும் கசியும். கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து இருக்கிறது, அவனுக்கு இப்போது மீசை வந்துவிட்டது. மருத்துவரிடம் போகும் வரை ஓர் உயிரிடம் சொன்னதில்லை. கடவுளிடம்கூட "உனக்குத் தெரியும்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இத்தனை காலம் வீட்டுக்குள் எப்படியோ சமாளித்துவிட்டேன். நீங்கள்தான், "வாங்க சம்பந்தி, பேரன் ஓட ஆரம்பிச்சா பின்னாடி ஓட ஆள் வேணாமா" என்று ஷூ வாங்கிக் கொடுத்துக் கூட்டிப்போனீர்கள். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் கயிறு தாண்டினேன். அந்தச் சந்தோஷத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பாய் நாளன்று நம்மை முதுகோடு முதுகு ஒட்டி உட்காரவைத்து, கையைக் கோத்துக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னாள் அந்த விசில்காரப் பயிற்சியாளர். "ஒருத்தரை ஒருத்தர் நம்பணும் ஆன்ட்டி" என்றாள். நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். "பிள்ளைங்களையே நம்பிக் கொடுத்து வாங்கிட்டோம், முதுகு என்னம்மா பிரமாதம்" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். முதுகோடு முதுகு குலுங்கியது. அவ்வளவுதான், கீழே ஈரம்.

வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றிப் பார்த்தால் கணக்கு இடித்தது. கசிவுக்குப் பயந்து அன்று காலையிலிருந்து நான் குடித்தது அரை டம்ளர் தண்ணீர். கிளம்பும் முன் இரண்டு தடவை போய்விட்டும் வந்தேன். உள்ளங்கை அளவுக்கு மேல் நனைய நியாயமில்லை. இருந்ததோ சாப்பாட்டுத் தட்டு அளவு. ஐந்து காசு வித்தியாசத்துக்கு அரை நாள் உட்காருகிறவள் நான், இதை எதில் சேர்ப்பது? பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

பயந்துபோய் மருத்துவரிடம் போனேன். நல்ல பெண்மணி. "எப்பக் குடிக்கிறீங்க, எப்பப் போறீங்க, எப்பக் கசியுதுன்னு மூணு நாள் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றார். "எழுதிட்டேன், ரெண்டு மாசத்துக்கு இருக்கு" என்று நோட்டை நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "பயப்பட ஒண்ணுமில்ல, சிறுநீர்ப்பையைத் தாங்குற இடுப்பு அடித்தளத் தசை தளர்ந்திருக்கு. ஓட்டப் பந்தயம் ஓடுற சின்னப் பொண்ணுங்களுக்கே வரும். ஆனா தண்ணியைக் குறைச்சது தப்பு, சிறுநீர்ப்பைக்கு எரிச்சல்தான் அதிகமாகும். காபியைக் குறைங்க. பயிற்சியை விடாதீங்க, அதுவரைக்கும் ஒரு பேட் வெச்சுக்கிட்டுக் குதிங்க" என்று பிசியோதெரபிக்கு அனுப்பினார்.

அங்கே சொல்லிக் கொடுத்தது இதுதான்: சிறுநீரையும் காற்றையும் சேர்த்து அடக்குகிற மாதிரி உள்ளே மேல்நோக்கி இழுத்து, பத்து எண்ணி, விட வேண்டும். மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. நான் பிரார்த்தனையில் செய்கிறேன். நீண்ட வரியில் இழுத்து, வரி முடிந்ததும் விடுகிறேன். கேட்கிறவர் கவனித்திருப்பார், இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. தும்மலுக்கு முன்னாலும் குதிப்பதற்கு முன்னாலும் இறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள். "சிரிப்புக்கு?" என்று கேட்டேன். "அதுக்கும்தான்" என்றார்கள். சிரிப்பு என்ன சொல்லிவிட்டா வருகிறது? உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் முழு நேரமும் இறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் வாரத்துக்குப் பதினாலு கசிவு. போன வாரம் மூன்று. ஆனால் அந்த வகுப்புக்குத் தனியாகப் படியேற எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை, சம்பந்தியம்மா. உங்கள் பாயை நாசமாக்கிவிட்டேன் என்ற வெட்கம்தான். உறையை மூன்று தடவை துவைத்து நிழலில் உலர்த்தியிருக்கிறேன். நம் பெண் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம். என்னை மன்னித்தால் போதும்.

ஆண்டவன் உங்கள் வீட்டில் ஒரு குறையும் வைக்காமல் காப்பாராக. பேரனுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: பாயை வாங்க வந்த நம் பெண் ஒட்டாத கடிதத்தைப் படித்துவிட்டாள். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள். "அம்மா, பாயை நனைச்சது தான்தான்னு அத்தை நேத்து ராத்திரி சொன்னாங்க. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருக்காங்க. நீ அதைப் பாத்து அருவருப்புப்பட்டு சுருட்டிட்டுப் போயிட்டியாம். 'சம்பந்தியை என் அழுக்கைத் துவைக்க வெச்சிட்டேனே, இனி எந்த முகத்தோட போய் நிப்பேன்'னு புலம்புறாங்க" என்றாள்.

மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். கேள்விக்குறியை அழித்துவிட்டு, அந்தத் தேதிக்கு நேராக 'இருவர்' என்று மையால் எழுதிவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது. பாயை அவளிடம் கொடுக்கவில்லை. நாளைக் காலை ஆறரைக்கு நானே எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வருகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு, கறுப்புப் பேன்ட் போட்டுக்கொண்டு தயாராக இருங்கள். என்னிடமும் ஒன்று அதே கறுப்பில் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: மாடிப்படி ஏறி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதீர்கள்.