வேகத்தடை கேட்டவள் தெருவை அடைத்த கதை

சந்தேகப்படுவதற்காகவே மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் தரப் பரிசோதகர் வேலை. நூறு போல்ட் வந்தால் நூறும் நல்லது என்று நம்பினேனானால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், சாயங்காலம் வேலை முடிந்த பிறகும் அந்தப் புத்தி என்னோடேயே பஸ் ஏறி வந்துவிடும். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து எடை குறைகிறது என்பேன். கணவர் சேகர் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறார் என்று யோசிப்பேன். (பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான்.)

எங்கள் வீடு மண்ணூர்பேட்டையில். சிக்னலில் நிற்கப் பொறுமையில்லாத கம்பெனி வேன்கள், ஷேர் ஆட்டோக்கள், பைக்குகள் எல்லாம் காலை எட்டிலிருந்து பத்து வரை எங்கள் தெருவுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும். ஒருநாள் என் மகள் நிவேதா பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கிளம்பி நாலு வீடு தாண்டுவதற்குள் ஒரு பைக்காரன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். முழங்காலில் ஆறு தையல். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே மனு எழுதினேன். தெருவில் வேகத்தடை வேண்டும். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். எதிர்வீட்டு ஏகாம்பரம் மட்டும் படித்தே பார்க்காமல் போட்டார்.

"இன்னாத்துக்கு யக்கா படிக்கணும்? நீ எய்தினா கரீட்டாத்தான் இருக்கும்."

எனக்கு அப்போதே உறுத்தியது. மனிதர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், அதை வீட்டு வாசலிலேயே நிறுத்துகிறவர். தன் லாரிக்கே இடைஞ்சலான வேகத்தடைக்கு ஒருவர் ஏன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட வேண்டும்?

மனுவைக் கவுன்சிலர் ஆபீசில் கொடுத்து நான்கு மாதம் ஆயிற்று. பதில் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, தெருமுனையில் இரண்டு பேர். ஒருவர் டேப்பைப் பிடித்துத் தெருவின் அகலத்தை அளக்கிறார். மற்றவர் அட்டையில் எதையோ குறிக்கிறார்.

"யாருங்க நீங்க? எதுக்கு அளக்குறீங்க?"

"சும்மா ஒரு சர்வே மேடம். நாளையிலேருந்து மூணு நாள் காலையில வருவோம். வண்டிங்கள எண்ணணும்."

"யாரு அனுப்புனது?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது மேடம். எண்ணச் சொன்னாங்க, எண்ணுறோம்."

சும்மாவாம். எவனாவது சும்மா அளப்பானா? போதாக்குறைக்கு ஏகாம்பரம் வெளியே வந்து இருவருக்கும் மோர் கொடுத்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அவ்வளவுதான். நான் கம்பெனி போய்ச் சேர்வதற்குள் முழுச் சதியும் விளங்கிவிட்டது. நம் வண்டிகளை எண்ணி பார்க்கிங் கட்டணம் போடப் போகிறார்கள். இல்லையென்றால், நம் வாசற்படிகளை இடித்துத் தெருவை அகலமாக்கி லாரிக்கு ராஜபாட்டை போடப் போகிறார்கள்.

மத்தியானமே தெருவின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஏகாம்பரத்தை நீக்கினேன். (நான்தான் அட்மின்.) பிறகு எழுதினேன்: "எச்சரிக்கை! மூன்று நாள் காலையில் யாரும் தெருவில் வண்டியை எடுக்க வேண்டாம். பின்பக்கச் சந்து வழியாகப் போகவும்."

சேகர் அன்று மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, ஒருவேளை அவங்க நம்ம மனுவுக்காகவே வந்திருந்தா?"

"நாலு மாசம் கழிச்சா? நீங்க ஒரு அப்பாவிங்க."

மூன்று நாள் லீவு போட்டேன். எண்ணுகிறவர்கள் நின்றது தெருவின் ஒரு முனையில். நடுவில் தெரு வளைவதால், வண்டிகள் உள்ளே நுழைகிற மறுமுனை அவர்களுக்குத் தெரியாது. அங்கே இரண்டு டிரம்மை வைத்து, குறுக்கே கொடிக்கயிற்றைக் கட்டி, 'பள்ளம் தோண்டப்பட்டுள்ளது, மாற்றுப் பாதையில் செல்லவும்' என்று அட்டை மாட்டினேன். வேன்காரர்கள் திட்டிக்கொண்டே பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினார்கள். மூன்று நாளும் எங்கள் தெருவில் பிள்ளைகள் ஷட்டில் ஆடினார்கள். நிவேதா நடுரோட்டில் கைவீசி நடந்து பள்ளிக்கூடம் போனாள். சதியை முறியடித்த பெருமையில் எனக்கு ஒரு சுற்று உடம்பு கூடியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்து மாநகராட்சிப் பள்ளியில் வார்டுக் கூட்டம் நடந்தது. கவுன்சிலர், உதவிப் பொறியாளர், தெருக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் எழுந்து மைக்கை வாங்கினேன். மர்ம ஆசாமிகள் வந்தது, மோர் குடித்தது, நான் டிரம் வைத்துக் கயிறு கட்டியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். கைதட்டல்கூட வந்தது.

பொறியாளர் ஒரு இளம் பெண். ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்டார். "மேடம், ஸ்பீடு பிரேக்கர் கேட்டு மனு கொடுத்த மாலதி நீங்கதானா?"

"ஆமாங்க!" (பெருமையாகத்தான் சொன்னேன்.)

"அவங்க நாங்க அனுப்புன ஆளுங்க மேடம். எவ்ளோ வண்டி போகுதுன்னு எண்ணினாத்தான் சாங்ஷன் ஆகும்."

பிறகு அறிக்கையைப் படித்தார். மூன்று நாளில் மொத்தம் பதினோரு வண்டி. அதில் நான்கு சைக்கிள், இரண்டு குப்பை வண்டி. இந்தத் தெருவில் போக்குவரத்து மிகக் குறைவு, வேகத்தடை தேவையில்லை. பக்கத்துத் தெருவில்தான் நெரிசல் அதிகம், ஆகவே அங்கே மூன்று வேகத்தடை.

கைதட்டியவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மைக்கை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது பின்வரிசையிலிருந்து ஏகாம்பரம் எழுந்தார். போச்சு, மானத்தை வாங்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மேடம், இந்த மனு இன்னா ஆச்சுன்னு கேட்டுகினு நாலு தபா உங்க ஆபீசாண்ட வந்தது நான்தான். யக்கா பொண்ணு அடிபட்டு வியுந்ததுல இருந்து நான் லாரிய தெருவுக்குள்ள எடுக்கிறதில்ல. மெயின் ரோட்டாண்டயே நிறுத்திட்டு நடந்து வரேன். எனக்கும் ரெண்டு கொயந்த கீது. இன்னொரு தபா எண்ணச் சொல்லுங்க. அந்த மூணு நாளும் யக்காவ ஊட்ட வுட்டு வெளிய வராம நான் பாத்துக்கிறேன்."

கூட்டமே சிரித்தது, கவுன்சிலர் உள்பட. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. போல்ட்டில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவள் நான். எதிர்வீட்டு வாசலில் நான்கு மாதமாக ஒரு லாரி இல்லை என்பது என் கண்ணில் படவேயில்லை. வெளியே வரும்போது அவரிடம் "மன்னிச்சிடுங்க" என்றேன். "அத வுடு யக்கா, மொதல்ல என்ன குரூப்ல சேரு" என்றார். அங்கேயே நின்று சேர்த்தேன். உடனே ஒரு கும்பிடு பொம்மை அனுப்பினார். அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

மறுபடி எண்ணி, வேகத்தடை வந்து சேர இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. இப்போது நிவேதா கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் நான் யார்மீது சந்தேகப்பட ஆரம்பித்தாலும் ஒரே வார்த்தைதான் பதில், அந்த அறிக்கையில் வந்த வண்டிக் கணக்கு. போன வாரம்கூட ஓர் ஆள் அட்டையும் பேனாவுமாக வாசலில் நின்று எங்கள் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். நான் "யாருங்க..." என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து நிவேதா கத்தினாள்.

"அம்மா, பதினொண்ணு!"

வாயை மூடிக்கொண்டு அவருக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்து முடிப்பதற்குள், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.