பதினொரு செத்தல் மிளகாயும் பதினான்கு மாடியும்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பதினொரு செத்தல் மிளகாயால், அதாவது காய்ந்த மிளகாயால், காலி செய்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. என் மனைவி சுகந்தி சொன்னால் மிளகாய் இருபத்தைந்தாகிவிடும்.

இதில் கூடுதலாக வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் மூடநம்பிக்கைகளுக்கு எதிரானவன். வாசகர் வட்டத்தில் அதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன். (பதினைந்து நிமிடம்தான் தந்திருந்தார்கள்.)

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மீசை. சுகந்தியின் அண்ணர், அதாவது என் மச்சான், பக்கத்து நகரான விட்பியில் பின்வளவோடு கூடிய வீட்டில் இருக்கிறார். கோடை முடிகிற நேரம் ஒரு பை நிறையப் பச்சை மிளகாய் கொண்டுவந்து, வெள்ள நிவாரணம் கொடுக்கும் மந்திரியின் முகத்தோடு எங்களிடம் நீட்டுவார். நாங்கள் ஒன்பதாம் மாடிக்காரர், மண் இல்லாதவர்கள். அதை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. மிளகாயால் சொல்வார்.

போன இலையுதிர்காலத்தில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் வாய் சும்மா இருக்கவில்லை.

“மாரிக் குளிரிலயும் வீட்டுக்குள்ள மிளகாய் காய்க்க வைக்கலாம். வெளிச்சமும் சூடும் இருந்தால் காணும். நான் வாசிச்சனான்,” என்றேன்.

“நீர் வாசிச்சனீர். மிளகாய்க் கண்டு வாசிக்கேல்லையே,” என்றார் மச்சான். (கண்டு என்றால் எங்கள் பேச்சில் செடி.)

“காய்ச்சால்?”

மச்சான் மீசையைத் தடவினார். முப்பது வருட மீசை. அவருடைய பழைய கடவுச்சீட்டுப் படத்தில் அவரைவிட அதுதான் தெளிவாக விழுந்திருக்கும். “சித்திரை வருசப்பிறப்புக்கு உங்கட வீட்டை வாறன். கண்டில ஒரே ஒரு காய் தொங்கட்டும், உம்மட குளியலறையிலயே இதை எடுக்கிறன்.”

“காய்க்காட்டி?” என்று கேட்டாள் சுகந்தி. (யாருடைய மனைவி என்று எனக்கு அவ்வப்போது சந்தேகம் வரும்.)

“காய்க்காட்டி, இவர் இனிச் சாப்பாட்டு மேசையில ஒண்டுக்கும் விளக்கம் சொல்லக்கூடாது.”

மேசை கைதட்டியது. என் மகள் மாதுமை எழுந்து நின்று தட்டினாள்.

பேச்சுரிமை பறிபோகும் அபாயத்தில் வேலையைத் தொடங்கினேன். சமையலறைச் செத்தல் மிளகாய் ஒன்றை உடைத்து, விதையை ஈரக் கடதாசியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தேன். மூன்று முளைத்தன. ஒன்று நான் தண்ணீர் அதிகம் விட்டதால் செத்தது. அந்தக் குற்ற உணர்வில் தண்ணீர் விடாமல் இருந்ததால் இன்னொன்று செத்தது. மூன்றாவது, என்னையும் மீறி வளர்ந்தது.

அதற்கு ஊதா வெளிச்சம் பாய்ச்சும் விளக்கு வாங்கினேன். எதிர்க் கட்டடத்திலிருந்து பார்க்க எங்கள் வீடு மலிவான நடன மண்டபம்போல் இருந்ததாம். குளிர் படக்கூடாதென்று செடியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, இரவில் எழும்பி எழும்பிப் பார்த்தேன். “பிள்ளை பிறந்த நேரமும் இந்த மனுசன் இப்பிடி எழும்பிப் பார்க்கேல்லை,” என்று சுகந்தி தன் அண்ணருக்குத் தொலைபேசியில் தகவல் கொடுத்தாள்.

மாசி மாதம் பதினொரு வெள்ளைப் பூக்கள் பூத்தன. ஒன்பதாம் மாடிக்கு, அதுவும் பனிக்காலத்தில், தேனீ வராது. ஆகவே தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவ வேண்டும் என்று வாசித்திருந்தேன்.

“அப்பா, சீரியஸ்லி? அது என்ர ஐஷாடோ பிரஷ்,” என்றாள் மாதுமை.

“கழுவித் தாறன் பிள்ளை.”

“வேண்டாம். யூ கீப் இட்.”

அந்த வாரம் முழுவதும் வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் தேனீயாகக் கடமையாற்றினேன்.

அப்போதுதான் எதிர் வீட்டுப் பத்மா அன்ரி கறிவேப்பிலை கேட்டு வந்தார். செடியைக் கண்டதும் கன்னத்தில் கை வைத்தார். “எடேயப்பா, என்ன செழிப்பு. ஊரில தோட்டத்திலயும் இப்பிடி ஒரு கண்டு நான் காணேல்லைத் தம்பி.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் அன்று பின்னேரமே இரண்டு பூ உதிர்ந்தது. மறுநாள் நாலு. மிச்சம் ஐந்து.

“இட்ஸ் த ஹீற்றர், அப்பா. அந்த ட்ரை எயர்ல பூ நிக்காது. கொஞ்சம் தள்ளி வையுங்கோ,” என்றாள் மாதுமை.

முற்றிலும் விஞ்ஞானபூர்வமான விளக்கம். மேடையில் நான் நாற்பது நிமிடம் ஆதரித்த வகையான விளக்கம். அதைக் கேட்டுத் தலையாட்டிய அதே கணத்தில் என் மனம் சொன்னது: நாவூறு. (தமிழ்நாட்டு நண்பர்கள் இதைத் திருஷ்டி என்பார்கள். பெயர் எதுவானாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.)

ஞாயிறு காலை தாயும் மகளும் கடைக்குப் போனார்கள். கார் தெருமுனையில் மறையும்வரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, உதிர்ந்தது ஆறு, மிஞ்சியது ஐந்து என்று பூவுக்கு ஒன்று வீதம் பதினொரு செத்தல் மிளகாயை உப்போடு கைக்குள் பொத்திக்கொண்டு, இடுப்பில் கட்டிய சாரத்தோடு செடியை மூன்று தரம் சுற்றினேன். மிளகாய்ச் செடிக்கு மிளகாயாலேயே நாவூறு கழிப்பது முறையா என்று சற்றுத் தயக்கமாகத்தான் இருந்தது. கண்முன்னால் தன் இனசனத்தைச் சுட்டால் எந்தச் செடிதான் மனம் தேறும்?

எங்கள் அடுப்பு மின்சார அடுப்பு, நெருப்பு இல்லை. தாச்சிச் சட்டியை வைத்து, சூட்டை உச்சத்துக்குத் திருகி, மிளகாயைப் போட்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது. அடுப்புக்கு மேலிருக்கும் காற்றாடி, புகையை வடிகட்டி எனக்கே திருப்பித் தரும் வகை. கண் தெரியவில்லை. பல்கனிக் கதவைத் திறக்க ஓடினேன். கைபிடியில் கை வைத்ததும் நினைவு வந்தது: வெளியே சைபருக்குக் கீழே பதினான்கு பாகை. செடி தாங்காது.

ஆகவே வாசல் கதவை அகலத் திறந்தேன்.

ஒன்பதாம் மாடி நடைபாதையில் புகை போய்ச் சேர்ந்த அரை நிமிடத்தில் கட்டடம் முழுவதும் அபாய மணி அலறியது. நான் சுகந்தியின் குளிர் கோட்டை மாட்டிக்கொண்டு (கைக்கு அகப்பட்டது அதுதான்), செடியைக் கம்பளியில் சுற்றி ஒன்பது மாடி இறங்கினேன். எனக்கு முன்னும் பின்னும் மக்கள் இருமிக்கொண்டே இறங்கினார்கள். இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. முகமூடி போட்டு மேலே போன வீரர் ஒருவர், அவசரப்பட்டு மேலேயே அதைக் கழற்றிவிட்டு, கண் சிவக்கத் திரும்பி வந்து, இது என்ன இரசாயனம் என்று கூட்டத்தை ஆங்கிலத்தில் கேட்டார்.

கார்த் தரிப்பிடத்தில் நின்ற பத்மா அன்ரி மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். “உது செத்தல் மிளகாயெல்லே. ஆரோ நாவூறு கழிச்சிருக்கினம்.” பிறகு சுற்றிப் பார்த்தார். “ஆற்ற பிள்ளைக்கு?”

கைக்குழந்தை எவரிடமும் இல்லை. சாரமும் பெண்கள் கோட்டும் அணிந்து, கம்பளிப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்து நின்றவன் நான் ஒருவன்தான். பொட்டலத்தின் மேலாக ஒரு கொப்பு எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துச் சுகந்தியின் கார் வந்து நின்றது. அவள் என்னைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், கண்ணாடியை இறக்காமலே தொலைபேசியை எடுத்தாள். விட்பி அண்ணருக்குத்தான்.

எங்களை உள்ளே விட முக்கால் மணி நேரமானது. ஹீற்றரின் சூட்டுக்கே பழகியிருந்த செடி மறுநாள் காலை கறுத்துத் தொங்கியது. வருசப்பிறப்புக்கு மச்சான் மீசைக்கு எண்ணெய் பூசி வந்தார். அன்றிலிருந்து எந்தக் குடும்ப மேசையிலும் நான் எதையாவது விளக்கப் போனால் யாராவது ஒருவர் மெதுவாக இருமுவார், அடுத்தவர் தொடர்வார். நான் நிறுத்திவிடுவேன்.

பத்மா அன்ரியிடம் மட்டும் தனியாக மன்னிப்புக் கேட்டேன். லிப்டில், தரையைப் பார்த்துக்கொண்டு, “உங்கட கண் பட்டுட்டுது எண்டு நினைச்சுப்போட்டன் அன்ரி,” என்றேன். அவர் கோபிக்கவில்லை. என் தோளில் தட்டினார்.

“அதுக்கென்ன தம்பி. ஆனா ஒண்டு. உண்மையா நாவூறு இருந்தால் மிளகாய் எரிஞ்சாலும் நெடி வராது. அண்டைக்குப் பதினாலு மாடியும் இருமினது. உங்கட கண்டில ஒருத்தரும் கண் வைக்கேல்லை.”