தலைமாட்டில் வந்த ரொட்டி

முழு ரொட்டியையும் தின்று முடித்த பிறகுதான், அதை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்ற யோசனையே ராமிரோவுக்கு வந்தது. கண் விழித்தபோது தலைமாட்டில் இருந்தது. தட்டு அகலத்துக்கு, சோம்பு வாசனையோடு, இன்னும் சூடு ஆறாமல். கனவின் மிச்சம்தான் என்று நினைத்துப் பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். மேகம் ஜன்னல் வழியாக வந்து கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிற மலையூரான குஸ்கோவில் எது கனவு, எது காலை உணவு என்று யார் கண்டார்?

விடுதிக்கார பசிலியா அம்மாள் சந்தையிலிருந்து திரும்பி வந்து, ரொட்டி சுற்றியிருந்த துணியைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, தின்னுட்டியா?"

"ஏம்மா, கெட்டுப்போனதா?"

"கெட்டுப்போயிருந்தா வயித்து வலியோட போயிருக்கும். திருவிழா மாசத்துல ஒருத்தர் ரொட்டி கொண்டுவந்து வெச்சா, ஏதோ பொறுப்பு கேக்கறாங்கன்னு அர்த்தம். வாயால கேக்கக் கூச்சமா இருக்கறதைத்தான் நாங்க ரொட்டியால கேப்போம். தின்னுட்டா சம்மதம்."

"என்ன பொறுப்பு?"

"வெச்சவங்க வந்து சொல்லுவாங்க. அதை முடிக்காம ஊரை விட்டுப் போயிடாதே, தம்பி. நீ என் வீட்டு ஆளு. மானம் எனக்குத்தான் போகும்."

ராமிரோ பயணச் சீட்டை எடுத்துப் பார்த்தான். மறுநாள் காலையில் லிமாவுக்கு பஸ். சொந்த ஊரான ரொசாரியோவில் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அவனும் நண்பன் துலியோவும் போட்ட திட்டம் இது: முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வடக்கே போய், கடைசியில் கார்த்தஹேனா கடலில் இருவரும் சேர்ந்து காலை நனைப்பது. பொத்தோசி ஆயிற்று, லா பாஸ் ஆயிற்று. குஸ்கோவில் துலியோவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. பையைக் கட்டலாம் என்றால் சுற்றும். மத்தியானமானால் மட்டும், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று தெருமுனை வரை போய்க் கன்னம் சிவக்கத் திரும்பி வருவான்.

"டேய் துலியோ, நான் வசமா மாட்டிக்கிட்டேன்டா."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. "ராமிரோ... அந்த ரொட்டி வந்து..."

"நீயும் தின்னியா?"

"இல்லடா, நான் வந்து..."

"அப்ப தப்பிச்சே! படு!" என்று சொல்லிவிட்டு ராமிரோ தெருவில் இறங்கினான்.

தெருமுனையில் இலாரியா கூடையோடு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தெருவில் ரொட்டி விற்பவள் அவள் ஒருத்திதான்.

"இலாரியா, இன்னிக்கு எனக்கு ரொட்டி வாங்கினது யாரு?"

அவள் முகத்தைக் கூடைக்குள் ஒளித்துக்கொண்டாள். "வாங்கினவங்கதான் சொல்லணும். நான் சொன்னா நல்லாயிருக்காது."

அடுத்த வீடு தச்சர் குமெர்சிந்தோவுடையது. "ஐயா, எனக்கு ரொட்டி வெச்சது நீங்களா?"

தச்சர் யாருக்கும் எதுவும் வைக்கவில்லை. ஆனால் வாசலுக்குத் தானாக வருகிற ஆளைத் திருப்பி அனுப்ப அவருக்கென்ன பைத்தியமா?

"நானேதான்! செபஸ்தியார் திருவிழாவுக்கு வாணவேடிக்கை உங்க பொறுப்பு."

பொறுப்பு ரொட்டியில் வந்தால் ரொட்டியிலேயே போகட்டும் என்று ராமிரோ கணக்குப் போட்டான். இலாரியாவிடம் பெரிய ரொட்டியாக ஒன்று வாங்கி, வாணவேடிக்கையைக் கைமாற்றிவிட பேண்டு வாத்தியக்காரர் மௌரோவிடம் நீட்டினான்.

மௌரோ பாதியைக் கடித்தார். மீதிப் பாதியைப் பாசத்தோடு ராமிரோவின் வாயில் திணித்தார்.

"வேட்டு என் பொறுப்பு, மச்சான். பெரிய மேளம் உன் பொறுப்பு!"

வாயில் ரொட்டியோடு மறுப்புச் சொல்லவும் முடியவில்லை. மேளத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோயிலுக்கு ஓடி முறையிட்டான். கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல உயரம்! செபஸ்தியார் சப்பரத்துக்கு இடது பக்கம் ஒரு தோள் குறையுதேன்னு இருந்தேன். அவரே அனுப்பிட்டார்."

சாயங்காலம் மலை முழுக்கச் செம்மண் நிறத்தில் வெளிச்சம் வழிந்தது. தூரத்தில் யாரோ குழல் ஊதினார்கள். ஊரே பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோல இருந்தது. அந்த அழகைப் பார்க்கப் பார்க்க ராமிரோவுக்கு அழுகைதான் வந்தது. தன் முட்டாள்தனத்துக்கு நண்பனின் கனவையும் ஏன் பலி கொடுக்க வேண்டும்?

"துலியோ, நீ மட்டும் போடா. கடலைப் பாரு. எனக்கும் சேத்துக் காலை நனை."

துலியோ எழுந்து உட்கார்ந்தான். "நீ இல்லாம நான் எப்படிடா... நான் ஒண்ணு சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்லாதே. சொன்னா நான் உடைஞ்சிடுவேன்."

காலையில் துலியோவின் பையைத் தானே கட்டி, தானே தோளில் போட்டு, அவன் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ராமிரோ வாசலுக்கு வந்தான். அங்கே இலாரியா கூடையை இறக்கி வைத்துவிட்டு, பையையும் துலியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

"இவரை எங்கண்ணே இழுத்துட்டுப் போறீங்க? செபஸ்தியாருக்கு யாருமே உங்களைக் கேக்கலை. அந்த ரொட்டியை வெச்சது இவருதான், எங்க கல்யாணத்துக்கு நீங்க மாப்பிள்ளைத் தோழனா நிக்கணும்னு!"