பதினோரு மேலாளர்களும் ஒரு சக்கர நாற்காலியும்

பரிவுக்கு விலையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் விசாரிக்கவில்லை என்று பொருள். எங்கள் நிறுவனம் விசாரித்தது. தலைக்கு நாலாயிரம். பத்துத் தலைக்கு மேல் போனால் ஒரு தலை இலவசம். சான்றிதழைச் சட்டம் போட்டு வாங்கினால் தனி. கொள்முதல் அதிகாரி என்ற முறையில் நான்தான் பேசி முடித்தேன். பிறந்த குழந்தையை எடை போடும்போதே தராசு முள்ளைக் கவனிக்கிற குடும்பம் எங்களுடையது. பதினோரு மேலாளர்களுக்குமான பரிவைப் பத்துப் பேர் விலைக்கு முடித்து, சட்டத்தையும் அதற்குள்ளேயே அடக்கினேன்.

பயிற்சியின் பெயர் ‘உணர்ந்து உயர்வோம்’. ஒவ்வொரு மேலாளரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அலுவலகத்தைச் சுற்றிவர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த நிறுவனம் என்று விருது கொடுக்கும் குழு வருவதற்குள் எல்லாரும் உணர்ந்து முடித்துவிட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. நாற்காலிக்கு வாடகை தனி என்றார் பயிற்சியாளர்.

“வாடகை எதுக்குங்க? எங்ககிட்டயே ஒண்ணு இருக்கே,” என்றேன்.

இருந்தது உண்மை. அதில் ஆள் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

அவர்தான் கண்ட்ரோல் அக்கா. சரக்குப் பிரிவின் துணைத் தலைவர். கண்ணாடித் தகடு ஏற்றிய எங்கள் லாரிகள் எந்தச் சாலையில் எந்தக் குழியருகே நிற்கின்றன என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுவார். ஓட்டுநர்கள் மனைவியிடம் மறைக்கிறதை அக்காவிடம் மறைக்க மாட்டார்கள். பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றிருந்தார். அந்த இடத்துக்கு அக்கா விண்ணப்பித்திருந்தார், விற்பனை மேலாளரும் விண்ணப்பித்திருந்தார். நேர்காணல் பயிற்சி நாளன்றே மூன்று மணிக்கு, தாழ்வாரத்தின் மறுகோடி அறையில்.

“ஒரு பத்து நிமிஷம்மா, எல்லாம் உங்களுக்காகத்தானே,” என்று முதலாளியே வந்து நாற்காலியைக் கேட்டார். சம்பளம் போடுகிறவர் கேட்டால் அது கேள்வி இல்லை. நேர்காணலுக்குக் கால் மணி முன்பே திரும்பி வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, அக்கா வரவேற்பறைச் சோபாவுக்கு மாறிக்கொண்டார்.

பரிவு கரைபுரண்டது. நிதி மேலாளர் பின்னோக்கிப் போய்த் தண்ணீர்க் குடுவையை உணர்ந்தார். மனிதவள மேலாளர், எடுத்த படம் சரியாக வராததால், மூன்று முறை உணர்ந்தார். பிரேக் எது என்று அக்காவிடம் கேட்கலாமே என்றார் ஒருவர். அது அனுபவத்தின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்று பயிற்சியாளர் தடுத்துவிட்டார்.

கடைசியாக வந்த விற்பனை மேலாளர் கழிப்பறை வாசலில் சிக்கிக்கொண்டார். கதவு குறுகல், நாற்காலி அகலம். அந்தக் கதவைப் பற்றி அக்கா வருடக்கணக்கில் எழுதிய மனுக்கள் உரிய மரியாதையுடன் பரிசீலனையில் இருந்தன. அலுவலகத்தில் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்தியிருந்ததால் அவசரம் எதுவும் தெரியவில்லை.

“இதுக்குள்ள ஒரு மனுஷி எப்படிங்க போவாங்க?” என்று கேட்டார் விற்பனை மேலாளர்.

அப்படியொரு கேள்வி அந்தக் கட்டடத்தில் அதுவரை எழுந்ததே இல்லை. எழுத்தில் எழுந்ததெல்லாம் கணக்கில் சேராது. கேட்டவர் கண் கலங்கினார். முதலாளியும் கலங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டே நேர்காணல் அறைக்குப் போனார். ‘இதுதான் அந்தக் கணம்’ என்றார் பயிற்சியாளர். நாற்காலி நன்றாக மாட்டியிருந்தபடியால் அந்தக் கணம் அரைமணி நேரம் நீடித்தது.

மூன்று மணிக்கு அக்காவை அழைத்தார்கள். சோபாவிலிருந்து முதலாளிக்குத் தொலைபேசி வந்தது. “சார், நான் வரவேற்பறையில இருக்கேன். என் நாற்காலி கழிப்பறை வாசல்ல இருக்கு. அதுல இருக்கறவரை எறக்கி விட்டீங்கன்னா நான் வந்துடுவேன்.”

முதலாளி உருகிப்போய், தூக்கிவர இரண்டு காவலாளிகளை அனுப்பினார். தான் வேலைக்குப் பேச வருவதாகவும், சரக்காக வரவில்லை என்றும் சொல்லி அக்கா அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘விண்ணப்பதாரர் ஒத்துழைக்கவில்லை’ என்று குறிப்பில் ஏறியது. சற்று நேரத்தில் விற்பனை மேலாளர் வந்து சேர்ந்தார், அதே நாற்காலியில் உருண்டு. பதவி அவருக்கே என்று நேர்காணல் குழு ஒருமனதாக முடிவு செய்தது.

மறுநாள் அக்கா முதலாளி அறைக்கு வந்தபோது, நான் பயிற்சிச் செலவுக் கோப்போடு அங்கே நின்றிருந்தேன்.

“அவர் உங்க கஷ்டத்தை உள்ள போய்ப் பார்த்துட்டு வந்திருக்காரும்மா,” என்றார் முதலாளி. “அந்த அனுபவம் சும்மா வருமா?”

“நான் உள்ளயேதான் சார் இருக்கேன். வெளிய வந்து சொன்னாத்தான் அனுபவமா?”

முதலாளி பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். பதவியை விற்பனை மேலாளர் பார்த்துக்கொள்வார், வேலையை அக்கா பார்த்துக்கொள்ளலாம். அக்கா சிரித்துவிட்டார்.

“பத்து நிமிஷம் இரவல் குடுத்ததுக்கே ஒரு பதவி போச்சு. இன்னும் குடுத்தா என்னதான் சார் மிஞ்சும்?”

ராஜினாமாவை மேசைமேல் வைத்துவிட்டு, ஒரே சுழற்றில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார்.

எதிர்த்தெரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கே பரிவுப் பயிற்சி என்று ஒன்றுமே கிடையாதாம். பாவம், நேரடியாக வேலையைக் கொடுத்துவிட்டார்கள். சரக்குப் பிரிவுத் தலைமை. எங்கள் புதிய தலைவரோ ஒவ்வொரு லாரியின் வலியையும் தன் வலியாக உணர்கிறார். அது எங்கே நிற்கிறது என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

கதவை இடித்து அகலமாக்கினோம். மேலே, குறையைக் கண்டுபிடித்த விற்பனை மேலாளரின் பெயரில் பித்தளைப் பலகை. விருதுக் குழு அளந்து பார்த்து நெகிழ்ந்துபோனது. ஆண்டறிக்கைக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு இதுதான். பரிவு பெற்ற மேலாளர்கள், பதினொருவர். சட்டம் போட்ட சான்றிதழ், பதினொன்று. விருது, ஒன்று. அகலமான கதவு, ஒன்று. அந்தக் கதவு தேவைப்படும் ஊழியர், ஒருவரும் இல்லை.