இரண்டாவது கோடு

"ரெண்டு கோடு வந்திருச்சுங்க! உடனே கிளம்பி வாங்க!"

கிரேன்காரன் அப்போது ஓர் இரும்புத் தூணை அந்தரத்தில் தூக்கி நிறுத்தியிருந்தான். மனைவியின் குரல் போனில் கேட்டதும் தூணோடு சேர்ந்து அவன் நெஞ்சும் ஆடியது.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவளுக்கு வயிறு திறக்கவில்லை. கருமுட்டை வெளியாகும் நாளைச் சோதனைப் பட்டை வைத்துக் கண்டுபிடித்து, அந்த நாளை விடாமல் பிடித்தால் பலன் உண்டு என்று யாரோ சொன்னார்கள். பட்டைகளை வாங்கி வந்தவன் அவன்தான். பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் அதுதான் அந்த நாள்; தினமும் ஒற்றைக் கோடுதான் வந்தது. "எனக்கு முட்டையே வராது போல" என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவாள். அவன் கதவுக்கு வெளியே நிற்பான். வரவர வீட்டில் பேச்சே குறைந்துபோனது. போன மாதம், பட்டையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று வெறுத்துப்போய் விட்டுவிட்டார்கள். மாதக் கணக்கு அவளுக்கு எப்போதும் முன்பின்தான். இன்று ஏதோ ஒரு நப்பாசையில் மிச்சமிருந்த பட்டையை எடுத்திருக்கிறாள்.

தூணை இறக்கிவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினான். உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"சார், அப்பாவுக்கு ரொம்ப முடியல..."

சூப்பர்வைசர் தங்கமான மனுஷன். அதுதான் வினை.

"அடடா! வா, என் வண்டியிலயே போயிடலாம்."

"இல்ல சார், நானே..."

"பேசாம ஏறுப்பா!"

வீட்டில் அப்பா ஸ்டூல் மேல் ஏறி நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சூப்பர்வைசரின் புருவம் ஏறியது. "முடியலைன்னியே?"

"அப்பாவுக்கு இல்ல சார்... என் சம்சாரத்துக்கு."

தலை வாரி, பவுடர் பூசி அறையிலிருந்து எட்டிப் பார்த்தவள், அந்நிய ஆளைக் கண்டு மிரண்டு நின்றாள்.

"முகமே வெளுத்துக் கிடக்கே! கிளம்பும்மா ஆஸ்பத்திரிக்கு!" என்றார் சூப்பர்வைசர்.

"மருமகளுக்கு உடம்பு சரியில்லையா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே!" என்று அப்பாவும் அழுக்குத் துணியோடு வண்டியில் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் எள் விழ இடமில்லை. சூப்பர்வைசரும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் காவல். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"இத்தனை நாள் தவங்கிடந்து வந்த நாள்" என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடி. "இனி எப்ப வருமோ."

அவள் கையைப் பிடித்தான். அவள் உருவிக்கொண்டாள்.

"உங்களுக்கு வேற பொய்யே கிடைக்கலையா?"

தரையில் யாரோ சிந்திய மருந்தை ஈ மொய்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் நர்ஸ் புருஷன் பெண்டாட்டி இருவரையும் உள்ளே கூப்பிட்டாள். "என்னம்மா பண்ணுது?"

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா போதும்." அவள் கைப்பையிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினாள். "இன்னிக்குத்தான் முட்டை வர்ற நாள். விட்டா போச்சு."

நர்ஸ் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வந்த பெட்டி எங்க?"

"அப்பா கண்ணுல படக் கூடாதுன்னு வாங்கிட்டு வர்ற வழியிலேயே எறிஞ்சிட்டேன்" என்றான் கிரேன்காரன்.

"கடையில என்னன்னு கேட்டு வாங்கினீங்க?"

"ஒரே கூட்டம் சிஸ்டர்... 'கோடு வருமே, அது'ன்னு கேட்டேன்."

"நல்லாக் கேட்டீங்க போங்க! இது முட்டை பாக்குற பட்டை இல்ல, கர்ப்பம் பாக்குறது. நீங்க தேடுற அந்த நாள் போன மாசமே வந்துட்டுப் போயிடுச்சும்மா!"