சுவர் தாண்டிய சத்தம்

"யாருய்யா உள்ளே? மெஷினை நிறுத்துய்யா!"

கேட்டைப் பிடித்து உலுக்கியவரின் ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. பக்கத்து வீட்டுப் பல் ஆஸ்பத்திரியில் பாதி வைத்தியத்தில் எழுந்து வந்திருக்கிறார் என்பது கழுத்தில் தொங்கிய துண்டிலேயே தெரிந்தது.

ஃபோர்மேன் இழைப்பு மெஷினை அணைத்துவிட்டு, தலையில் இருந்த மரத்தூளைத் தட்டியபடி வெளியே வந்தார். பம்ப் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பெயர் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு மரவேலை செய்துகொண்டிருந்தார். இப்போது கையில் இருந்தது பேத்திக்குத் தொட்டில். மாதக் கடைசியில் மகள் குழந்தையோடு வருகிறாள். அதற்குள் முடித்தாக வேண்டும்.

"அந்தச் சத்தத்தைக் கேட்டா நல்ல பல்லும் ஆடுதுய்யா!" என்று கத்திவிட்டு வீங்கின கன்னம் நடையைக் கட்டியது.

பின்னாலேயே பல் டாக்டர் வந்தார். அவருக்குத் தேன் தடவின குரல்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நமக்கு நடுவுல இருக்கறது ஒரே சுவர். நாற்காலியில உட்கார்ந்ததுமே எல்லாரும் பயந்துடறாங்க. ஏதாவது பண்ண முடியுமான்னு பாருங்க."

"காலமெல்லாம் மெஷினோட குடித்தனம் பண்ணினவன் டாக்டர் நான். நாளைக்குப் பாருங்க, பூனை நடக்கிற மாதிரி ஓடும்."

பழைய லாரி டயரை வெட்டி மெஷினின் கால்களுக்கு அடியில் வைத்தார். அதிர்வு தரையில் இறங்காது என்பது அவர் கணக்கு. இறங்கவில்லைதான். இறங்காத அதிர்வெல்லாம் மேலேயே தங்கி, மெஷின் துள்ள ஆரம்பித்தது. ஒரு பலகை இழைத்து முடிப்பதற்குள் குதித்துக் குதித்து நகர்ந்து, டாக்டர் வீட்டுச் சுவரில் போய் முட்டிக்கொண்டு டமடமவென்று அடித்தது.

கேட்டில் அடுத்தவர் நின்றார். ஊசி போட்டு மரத்துப்போன வாய்.

"உவ்வ மெழிவை... குவ்வையிவ..."

"என்ன சொல்றார்?" என்று மனைவியைக் கேட்டார் ஃபோர்மேன்.

"மெஷினைக் குப்பையில போடச் சொல்றார்."

"உனக்கு எப்படிப் புரிஞ்சுது?"

"நானும் அதைத்தானே தினமும் சொல்றேன்."

ஃபோர்மேன் அசரவில்லை. சத்தத்தைக் குடிக்கப் பஞ்சைவிட்டால் வேறு பொருள் கிடையாது என்று முடிவு செய்து, உள்ளறையில் இருந்த மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் ஆணி வைத்து அறைந்தார்.

"ஏங்க, பொண்ணும் மாப்பிள்ளையும் வந்தா எதுல படுப்பாங்க? தொட்டில்லயா?"

"அதுக்குள்ள வேலை முடிஞ்சுடும், போம்மா."

மெஷின் ஓடிய ஓட்டத்தில் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பெரிய மெத்தை அப்படியே சரிந்து, வார்னிஷ் காயாத தொட்டிலின் மேல் மல்லாந்தது. தூக்கிப் பார்த்தால் தொட்டிலுக்குத் தாடி முளைத்திருந்தது. பஞ்சையும் வார்னிஷையும் சேர்த்துச் சீவ, எல்லாப் பலகையையும் கழற்றி மறுபடி மெஷினில் விட வேண்டியதாயிற்று.

மாலையில் டாக்டர் வந்தார். ஆள்காட்டி விரலில் கட்டு.

"என்ன டாக்டர் இது?"

"சத்தம் கேட்டு ஒருத்தர் வாயை மூடிட்டார் சார். என் விரல் உள்ளே இருந்தது."

ஃபோர்மேனுக்கு நெஞ்சில் முள் தைத்தது. ஒரு மெஷினை அடக்க முடியாதவன் என்ன ஃபோர்மேன்? அன்றே ஒட்டுப்பலகையில் பெட்டி அடித்து, உள்ளே தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டி, மெஷினின் மோட்டாரைக் காற்றுப் புகாமல் மூடினார். ஸ்விட்சைப் போட்டார். சத்தம் பாதியாகக் குறைந்தது. பிறகு கால்வாசி. பிறகு நின்றேவிட்டது.

"பார்த்தியா!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அவள் வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். பெட்டியின் எல்லா இடுக்கிலும் புகை வந்துகொண்டிருந்தது.

கம்பிச்சுருள் கருகிய மோட்டாரை மறுநாள் காலை ரிப்பேர் கடைக்காரன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கொட்டகையில் ஈ பறந்தால் கேட்கும். ஃபோர்மேன் கொஞ்ச நேரம் வெறும் மேசையைப் பார்த்தார். பிறகு கை இழைப்புளியை எடுத்துத் தீட்டினார்.

"தொட்டில் வேலை நிக்காது. கையாலேயே முடிச்சுக் காட்டறேன். முதல்ல டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், இனிமே அவருக்குத் தொல்லையே இல்லைன்னு."

சட்டையை மாற்றிக்கொண்டு தலை நிமிர்ந்து போனார். டாக்டர் உள்ளே வேலையாக இருந்தார். வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண், இவர் யாரென்று தெரியாமல், "உட்காருங்க ஐயா, கூப்பிடறேன்" என்றாள். வீங்கிய கன்னங்களுக்கு நடுவே இடம் பிடித்து உட்கார்ந்தார்.

உள்ளறையிலிருந்து "ஙொய்ய்ய்ங்" என்று ஒரு சத்தம் கிளம்பிற்று. பெஞ்சே நடுங்கியது. யாரோ "ஐயோ" என்று அலறினார். கன்னங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கைகளுக்குள் போயின.

ஃபோர்மேன் சட்டென்று எழுந்து நின்றார். சுவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

அந்தப் பெண் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க ஐயா, இது நம்ம டாக்டர் மெஷின் இல்ல, அது பூ மாதிரி, சத்தமே வராது. பக்கத்து வீட்டுல ஒருத்தர் மரம் இழைக்கிறார், டாக்டர் எவ்வளவு சொல்லியும் மனுஷன் நிறுத்தவே மாட்டேங்கிறார்!"